வரைபடத்தில் வடக்கு ஏன் மேலே இருக்கிறது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். பி.காம். படித்துவிட்டு, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரேடும் வவுச்சரும் பார்த்த ஆளுக்குப் பூகோளத்தில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால், என் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் மெயின் கேட்டில், காவலர் அறைச் சுவரில், வளாகத்தின் வரைபடப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறோம். எந்த பிளாக் எங்கே, லிஃப்ட் எங்கே, பார்க்கிங் எங்கே என்று அதில் இருக்கிறது. கமிட்டியில் அதைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயின்டர், "சார், எந்தப் பக்கம் மேலே வரணும்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "வரைபடம் என்றால் வடக்குதானப்பா மேலே" என்றேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு சி பிளாக்கில் ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வந்தது. காவலர் அந்த நேரம் பின் கேட்டைத் திறக்கப் போயிருந்தார். ஓட்டுநர் பலகையைப் பார்த்தார். சி பிளாக் வலது பக்கம் என்று காட்டியது. அவர் வலது பக்கம் வண்டியைத் திருப்பினார். அது ஏ பிளாக். அங்கிருந்து விசாரித்து, ரிவர்ஸ் எடுத்து, சி பிளாக் வருவதற்குள் சில நிமிடங்கள் போய்விட்டன. பெரியவர் நலமாகத் திரும்பிவிட்டார், இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் என் கணக்கில் பற்று.

என்ன நடந்தது? நம் கேட் வளாகத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது. உள்ளே வருகிறவர் தெற்கே பார்த்து வருகிறார். பலகையைப் படிக்கும்போதும் தெற்கே பார்த்துதான் நிற்கிறார். அப்படி நிற்பவருக்குக் கிழக்கு இடது கைப் பக்கம். என் பலகையிலோ வடக்கு மேலே, ஆகவே கிழக்கு வலது பக்கம். பலகையில் ஒரு கோடும் தப்பில்லை. ஆனால் அதன் முன் நிற்கிறவருக்கு எல்லாமே இடம் வலம் மாறிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. வடக்கு மேலே என்று எனக்கு யார் சொன்னது? அதைத் தேடிப் படித்ததைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், வானத்துக்குப் போனால் மேல் கீழ் என்று ஒன்று கிடையாது. 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 விண்கலத்திலிருந்து பூமியை முழு உருண்டையாக ஒரு படம் எடுத்தார்கள். நாமெல்லாம் காலண்டரில் பார்த்த நீல உருண்டை அதுதான். எடுத்தபடியே பார்த்தால் அந்தப் படத்தில் தென் துருவம் மேலே இருக்கும். பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாதென்று தலைகீழாகத் திருப்பி வெளியிட்டார்கள்.

அப்படியானால் திசைக்கு மேல் கீழ் என்று பெயர் வைத்தது மனிதன்தான். இதில் நம் தமிழே ஒரு பெரிய சாட்சி. நம் முன்னோர் மேலே வைத்தது வடக்கை இல்லை, மேற்கை. கிழக்கு என்ற சொல்லுக்குள் 'கீழ்' இருக்கிறது. மேற்கு என்ற சொல்லுக்குள் 'மேல்' இருக்கிறது. மதுரையில் கீழ மாசி வீதி என்றால் கிழக்கு வீதி, மேல மாசி வீதி என்றால் மேற்கு வீதி. ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியும் மேலச் சித்திரை வீதியும் அப்படித்தான். ஏன் அப்படி? மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. காவிரி, வைகை, பாலாறு எல்லாம் கிழக்கு நோக்கித்தான் ஓடுகின்றன. தண்ணீர் வருகிற பக்கம் மேல், போகிற பக்கம் கீழ். அவ்வளவுதான் கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை. கேரளத்தில் நிலம் நேர் எதிர். அங்கே மலை கிழக்கில், கடல் மேற்கில். ஆனால் மலையாளத்திலும் கிழக்குக்குப் பெயர் 'கிழக்கு' தான். மலை நிற்கிற பக்கத்தைக் 'கீழ்' என்று அழைக்கிறார்கள்! மேற்குக்கு அவர்கள் சொல்வது 'படிஞ்ஞாறு', ஞாயிறு படுகிற பக்கம். ஆகவே கிழக்கு என்ற சொல் மலைக்கு இந்தப் பக்கம், சரிவு கிழக்காக உள்ள நிலத்தில் பிறந்து அங்கே போயிருக்க வேண்டும் என்று கால்டுவெல் போன்ற அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

வடமொழியில் வேறு ஏற்பாடு. சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து நிற்பவர்தான் அங்கே அளவுகோல். 'பூர்வ' என்றால் முன்பக்கம், அது கிழக்கு. 'தட்சிண' என்றால் வலது கைப் பக்கம், அது தெற்கு. தக்காணம் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயங்களில் வைத்திருந்த உலகப் படங்கள் பலவற்றில் கிழக்குதான் மேலே. ஏதேன் தோட்டம் கிழக்கே இருக்கிறது என்ற நம்பிக்கையால் அதை உச்சியில் வரைந்தார்கள். 'ஓரியண்ட்' என்றால் கிழக்கு. படத்தைத் திசை பார்த்துச் சரியாக வைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஓரியண்டேஷன்' என்று சொல்வது அந்தக் கிழக்கிலிருந்து வந்த சொல்தான். 1154-ல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் தயாரித்த உலகப் படத்தில் தெற்கு மேலே. 1450 வாக்கில் வெனிஸ் நகரத் துறவி ஃப்ரா மௌரோ வரைந்த படத்திலும் தெற்கே மேலே.

அப்படியானால் வடக்கு எப்படி ஜெயித்தது? காந்த ஊசி வடக்கே காட்டுகிறது, அதனால்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஊசிக்கு இரண்டு முனை. ஒன்று வடக்கே காட்டினால் மற்றது தெற்கே காட்டும். அதை முதலில் பயன்படுத்திய சீனர்கள் அதற்கு வைத்த பெயரே 'தெற்கு காட்டும் ஊசி'. ஆக, ஊசியை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

வெள்ளைக்காரன் தன்னை மேலே வைத்துக்கொண்டான் என்று இன்னொரு பதில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் அதே ஐரோப்பியர்கள்தான் பல நூறு வருடம் கிழக்கை மேலே வைத்து வரைந்தார்கள்.

நான் புரிந்துகொண்டவரை, மூன்று நான்கு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது தாலமி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இருந்தவர். உலகத்து ஊர்களையெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியல் போட்டார். நம் பேரேடு மாதிரிதான். அந்தப் பட்டியலில் நம் காவிரிப்பூம்பட்டினம், கொற்கை, பாண்டியர் தலைநகர் மதுரை எல்லாம் இருக்கின்றன. அவருக்குத் தெரிந்த ஊர்களில் பெரும்பாலானவை பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தவை. அவர் முறையில் வடக்கு மேலே, மேற்கு இடது பக்கம்.

இரண்டாவது துருவ நட்சத்திரம். திருமணத்தில் அருந்ததியோடு சேர்த்து இதையும் காட்டுவார்கள். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை வைத்துப் பார்த்தால் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. நம் அட்சரேகையும் 13 தான். அது தற்செயல் இல்லை. அந்த நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுதான் நீங்கள் நிற்கும் அட்சரேகை. கடலில் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன வேண்டும்? வடக்கைப் பார்த்தே கணக்குப் போட்டுப் பழகினார்கள்.

மூன்றாவது அச்சு இயந்திரம். பழைய மாலுமிகளின் தோல் வரைபடத்தை மேசையில் விரித்து எந்தப் பக்கமிருந்தும் படிக்கலாம். துறைமுகப் பெயர்களைக் கரையை ஒட்டிச் சுற்றிச் சுற்றி எழுதியிருப்பார்கள், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் அச்சடித்தால் அது முடியாது, ஒரு பக்கம் மேலே என்று முடிவு செய்தாக வேண்டும். தாலமியின் நூல் லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு, 1477-ல் வரைபடங்களோடு அச்சானது. மெர்க்கேட்டர் 1569-ல் மாலுமிகளுக்காக வெளியிட்ட பெரிய உலகப் படத்திலும் வடக்கு மேலே. அதற்குப் பின் அதுவே வழக்கமாகிவிட்டது.

நான்காவது காரணத்துக்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். நம் மொட்டை மாடியிலிருந்து கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கே ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை, சுமார் ஏழரை மைல். 100 அடி நீள எஃகுச் சங்கிலியை வைத்து, சித்திரை வைகாசி வெயிலில், அந்த வெயிலில் எஃகு நீளும் அளவைக்கூடக் கணக்கில் திருத்தி, மே மாதக் கடைசியில்தான் முடித்தார். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக விரிந்ததுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை. அதன் முதுகெலும்பு தெற்கு வடக்காக, கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை போகிறது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அவருடைய அரை டன் கருவி கயிறு அறுந்து மோதிப் பழுதானதும் இந்தக் கதையில்தான் வரும். நாம் தினமும் கடந்து போகிற பரங்கிமலைக்கு இப்படி ஒரு பெருமை இருப்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

இந்த வேலையில் ஏன் ஒரே திசை மேலே இருக்க வேண்டும்? வங்கிக்காரனாக எனக்கு இது உடனே புரிந்தது. லெட்ஜரில் ஒரு பக்கத்தின் அடியில் உள்ள கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலைப்பில் கொண்டுவந்து எழுதுவோம். வரைபடத் தாள்களும் அப்படியே. இந்தத் தாளின் வலது ஓரம் அடுத்த தாளின் இடது ஓரத்தோடு பொருந்த வேண்டும். ஒருவர் வடக்கையும் இன்னொருவர் கிழக்கையும் மேலே வைத்தால் நாட்டை ஒட்டவே முடியாது.

பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம் என்பது இயற்கையின் விதியா? இல்லை. பழைய முறையில் இந்தியக் கம்பெனிகளின் ஐந்தொகையில் பொறுப்புகள் இடது பக்கம், சொத்துகள் வலது பக்கம். அமெரிக்காவில் சொத்துகள் இடது பக்கம். இரண்டிலும் கணக்கு நேராகும். ஆனால் ஒரே வங்கியில் ஒரு கிளை இப்படியும் இன்னொரு கிளை அப்படியும் எழுதினால் என்ன ஆகும்? வழக்கம் என்பது உண்மையா பொய்யா என்று பார்க்கிற விஷயம் இல்லை. எல்லோரும் ஒன்றாகக் கடைப்பிடித்தால் பயன் தரும், அவ்வளவுதான்.

தலைகீழாகப் போட்டுப் பார்ப்பதிலும் ஒரு பயன் உண்டு. 'ஹிமால்' என்ற தெற்காசிய இதழ் இலங்கையை உச்சியில் வைத்து ஒரு தெற்காசியப் படம் வெளியிட்டது. அதில் கன்னியாகுமரி மேலே, காஷ்மீர் கீழே. பார்த்தவுடன் தலை சுற்றும். ஆனால் கடைக்கோடி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த நம் ஊர், முதல் ஊராகத் தெரியும்.

சரி, இதனால் நமக்கு என்ன? மூன்று விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவதுதான் முக்கியம், தண்ணீர். போன மழையின்போது நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "முடிச்சூர் மேப்பில் நமக்குக் கீழேதானே இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறினால் நமக்கென்ன?" அவரைக் குறை சொல்லவில்லை. செல்போன் திரையில் அது கீழேதான் தெரியும். ஆனால் திரையில் கீழே என்றால் தெற்கு, தாழ்வு என்று பொருள் இல்லை. அடையாறு முடிச்சூர்ப் பக்கமிருந்து வடக்கு நோக்கி வந்து, திருநீர்மலை, அனகாபுத்தூர் தாண்டித்தான் கிழக்கே கடலுக்குத் திரும்புகிறது. திரையில் பார்த்தால் ஆறு மேல் நோக்கி ஏறுவதுபோல் இருக்கும். ஆற்றுக்கு மேப் தெரியாது, சரிவுதான் தெரியும். முடிச்சூர் நமக்கு மேல் பக்கம். 2015 டிசம்பரில் அந்த ஊர் மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரி நமக்கு வடமேற்கே. அதன் உபரி நீர் தென்கிழக்காக வந்து அடையாற்றில் சேர்கிறது. ஆக, திரையில் ஒரு தண்ணீர் கீழிருந்து ஏறி வருகிறது, இன்னொன்று மேலிருந்து இறங்கி வருகிறது. இரண்டும் நம் பக்கத்தில்தான் சேர்கின்றன. ஏரியைத் திறக்கும்போது வரும் அறிவிப்பைக் கவனித்திருப்பீர்கள்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை என்று வரிசையாகச் சொல்வார்கள். அது அகர வரிசையும் இல்லை, வடக்கு தெற்கு வரிசையும் இல்லை. தண்ணீர் போகும் வழி. மேற்கை மேல் என்றும் கிழக்கைக் கீழ் என்றும் பெயர் வைத்த நம் முன்னோரின் அதே கணக்கு. அந்த அறிவிப்பில் நம் ஊருக்கு முன்னால் எந்த ஊர்கள் வருகின்றன என்று பாருங்கள். மழைக்காலத்தில் அவைதான் நமக்கு மேல்.

இரண்டாவது, உங்கள் கிரயப் பத்திரம். வீட்டுக் கடன் பிரிவில் இருந்தபோது நான் அதிகம் பார்த்த குழப்பம் இது. சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதியிருப்பார்கள். 'இருபதடி ரோட்டுக்கு வடக்கு' என்று இருந்தால், ரோடு நமக்கு வடக்கே இருக்கிறது என்று பலர் படித்துவிடுகிறார்கள். நம் மனைதான் ரோட்டுக்கு வடக்கே இருக்கிறது. அதாவது ரோடு நமக்குத் தெற்கு எல்லை. இன்று வீட்டுக்குப் போனதும் பத்திரத்தை எடுத்து, நில அளவைப் படத்தில் உள்ள வடக்கு அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

மூன்றாவது, நம் வாசல் பலகை. வரைபடத்துக்கு இரண்டு வேலை. ஒன்று பதிவு, இன்னொன்று வழிகாட்டல். பதிவுக்கு வடக்கு மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் தாளோடு தாள் பொருந்தும். வழிகாட்டலுக்கு, பார்ப்பவரின் முன்பக்கம் மேலே இருக்க வேண்டும். உங்கள் செல்போனே இதைச் செய்கிறது. சும்மா திறந்தால் வடக்கு மேலே. வண்டியில் வழி கேட்டுப் போனால், நீங்கள் போகும் திசை மேலே வரும்படி படம் திரும்பிக்கொள்கிறது. நான் வழிகாட்டும் இடத்தில் பதிவுப் படத்தை மாட்டிவிட்டேன்.

ஆகவே கமிட்டியின் முன் என் கோரிக்கை இது. மெயின் கேட் பலகையைத் தெற்கு மேலே இருக்கும்படி மாற்றி எழுத வேண்டும். வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி கட்டாயம் இருக்க வேண்டும், 'நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்' என்று ஒரு சிவப்புப் புள்ளியும் வேண்டும். மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நீலத்தில் ஒரு கோடு போட வேண்டும். பின் கேட்டில் நிற்பவர் வேறு திசையைப் பார்க்கிறார், அங்கே அதற்கேற்ற தனிப் பலகை. சங்க அலுவலகக் கோப்பில் உள்ள படம் மட்டும் வடக்கு மேலேயே இருக்கட்டும். பெயின்டர் கூலியை நான் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பற்று என் பெயரில் இருப்பதுதான் முறை.

பலகை மாறியதும் அதன் முன் நின்று, சி பிளாக் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டிப் பாருங்கள். உங்கள் கையும் பலகையும் ஒரே பக்கம் காட்டினால் சரி. இல்லாவிட்டால் தயங்காமல் என்னிடம் வந்து சொல்லுங்கள், மறுபடி திருத்துவோம்.